பேட்டரி இல்லாத ஃபைபர் சைட், ரெட் டாட்டின் இடத்தை நிரப்புமா?

"9 மி.மீ. கைத்துப்பாக்கி. ஸ்லைடில், அதாவது துப்பாக்கியின் மேலே நகரும் உலோகப் பாகத்தில், ஆப்டிக் பொருத்தும் வெட்டு கிடையாது. 25 மீட்டர் வரை காகித இலக்கும் எஃகுத் தகடும் சுடுகிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. பேட்டரியை நம்பியிருக்கப் பிடிக்கவில்லை. ரெட் டாட்டுக்குப் பதிலாக ஃபைபர் ஆப்டிக் சைட் போட்டால் அதே பலன் கிடைக்குமா?" என்பது கேள்வி.

சைட் என்பது குறிபார்க்கும் உறுப்பு. ரெட் டாட் கண்ணாடியில் ஓர் ஒளிப்புள்ளி காட்டுவது, ஃபைபர் சைட் ஒளிரும் இழை பதித்தது. அதே பலன் கிடைக்காது. கிடைப்பது வேறு பலன், அதுவும் சின்னப் பலன் இல்லை. ஆனால் பேட்டரியைக் காரணமாக வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தவறான இடத்தில் போய் நிற்பீர்கள். ரெட் டாட்டில் வரும் தொல்லைகளில் பேட்டரிதான் மிகச் சிறியது. இந்த இரண்டையும் உண்மையில் பிரிப்பது உங்கள் கண் எங்கே குவிகிறது என்பதுதான். ஐம்பதை நெருங்கும் கண்ணுக்கு அது இன்னும் முக்கியம்.

முதலில் ஃபைபர் எப்படி ஒளிர்கிறது என்று பார்ப்போம். பின்னால் வரும் கோளாறுகள் பாதி இதிலேயே விளங்கிவிடும். தொலைபேசி, இணையத்துக்குப் போடும் தெளிந்த இழை இது இல்லை. அந்த இழையில் பக்கவாட்டில் விழும் வெளிச்சம் மறுபக்கம் வெளியேறிவிடும், முனைக்கு வராது. சைட்டில் இருப்பது ஒளிரும் சாயம் கலந்த பிளாஸ்டிக் இழை. உள்ளே பாலிஸ்டைரீன், மேலே மெல்லிய அக்ரிலிக் உறை. பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைச் சாயம் உறிஞ்சி, வேறு நிறத்தில் எல்லாத் திசையிலும் திரும்ப உமிழ்கிறது. அப்படி உமிழ்ந்ததில் உறையில் சாய்வாகப் போய்ப் படும் பங்கு மட்டும் முழு அகப் பிரதிபலிப்பால் உள்ளேயே சிக்கி முனைவரை ஓடுகிறது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.59, அக்ரிலிக்குக்கு 1.49. இதை வைத்துக் கணக்கிட்டால் ஒரு முனைக்கு வந்து சேர்வது, உமிழ்ந்ததில் ஏறத்தாழ 3 சதவீதம்தான். இவ்வளவு குறைந்த பங்கிலும் புள்ளி பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், முழு நீளத்திலும் திரட்டிய ஒளி ஒரு மி.மீ. வட்டத்தில் வந்து குவிவது.

ஆகவே இழையின் எவ்வளவு நீளம் திறந்திருக்கிறது என்பதும், அதன்மீது என்ன வெளிச்சம் விழுகிறது என்பதும்தான் எல்லாம். இலக்கின்மீது விழும் வெளிச்சத்தால் இழைக்குப் பயனில்லை. உள்ளரங்கச் சுடுதளத்தில் இலக்குக்கு விளக்குப் போட்டு, சுடுபவர் நிற்கும் இடத்தை மங்கலாக விட்டிருந்தால் இழை செத்துக் கிடக்கும். பலர் இழை பழுது என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். நல்ல இழைதான், அதற்குத் தீனி இல்லை.

வெளிச்சத்தின் நிறமும் சேர்ந்து வேலை செய்கிறது. பச்சை இழை நீலத்தையும் ஊதாவையும் தின்று பச்சையை உமிழ்கிறது. சிவப்பு இழை பச்சையையும் உறிஞ்சும். மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகளில் நீலம் குறைவு, அதனால் அங்கே பச்சை இழை மங்கும், சிவப்பு கொஞ்சம் தாங்கும். சூரியன் மறைந்த பிறகு திறந்தவெளியில் நேர் எதிராக நடக்கும். வானத்தில் நீலம் மிச்சமிருப்பதால், சுற்றிலும் மங்கிய பிறகும் சிறிது நேரம் இழை வியக்கும்படி ஒளிரும். முழு இருட்டானதும் அதுவும் போய்விடும். பகல் வெளிச்சத்தில் நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டர் அருகே, அதாவது பச்சையில், உச்சம் தொடுகிறது. அதனால் பொதுவாகப் பச்சை எடுப்பாகத் தெரியும். புல்லும் மரமும் பின்னணியாக இருந்தால் சிவப்பு பிரிந்து தெரியும். சிவப்பை உணர்வதில் குறை உள்ள கண்ணுக்குச் சிவப்பு இழை கறுத்தே தெரியும், அவர்கள் யோசிக்காமல் பச்சைக்குப் போகலாம்.

இனி கண்ணின் கதை. ரெட் டாட்டில் ஒரு சிறிய எல்இடியின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிராகத் திரும்புகிறது. அதனால் புள்ளி வெகுதூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். கண் இலக்கைப் பார்க்கிறது, புள்ளியும் அங்கேயே கிடக்கிறது. ஒழுங்குபடுத்த வேண்டிய பொருள் ஒன்றுதான். திறந்த சைட்டில் மூன்று: பின் சைட்டின் பள்ளம், முன் சைட்டின் தகடு, இலக்கு. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவிய முடியும். நாம் முன் சைட்டைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் மங்க விடுகிறோம். முன் சைட்டில் ஃபைபர் போடுவதால் இந்த ஏற்பாடு துளியும் மாறாது. முன் சைட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே. ஃபைபர் போட்டால் ரெட் டாட் மாதிரி இலக்கையே பார்த்துச் சுடலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 7 மீட்டரில் பெரிய இலக்குக்கு அது ஓடும், 25 மீட்டரில் ஓடாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 165 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், முழு அளவுத் துப்பாக்கியில் இது வழக்கம். முன் சைட் பள்ளத்துக்குள் அரை மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு 76 மி.மீ. விலகும். ரெட் டாட்டில் புள்ளி கண்ணாடியின் ஓரத்தில் இருந்தாலும் இந்த அளவுக்கு விலகாது, பாரலாக்ஸ் பிழை, அதாவது கண் நகர்வதால் புள்ளி இடம் மாறித் தெரிவது, மிகச் சிறியது. ரெட் டாட்டின் பலமே இதுதான். பேட்டரி இல்லாத எந்த முன் சைட்டாலும் இதைத் தர முடியாது.

வயது பற்றி: கையை நீட்டிப் பிடித்தால் முன் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. தொலைவில் இருக்கும். அங்கே குவிய, தூரப் பார்வையைவிட 1.4 டையாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) கூடுதல் திறன் தேவை. ஐம்பதில் அந்த வசதி பெரும்பாலும் போயிருக்கும். அதற்காக முழு 1.4 சேர்த்துக் கண்ணாடி போட்டால் இலக்கு கரைந்துவிடும். உங்கள் தூரப்பார்வைப் பவரோடு +0.50 அல்லது +0.75 மட்டும் சேர்த்து, ஒரே பவர் கொண்ட சுடும் கண்ணாடி செய்யச் சொல்லுங்கள். முன் சைட் கிட்டத்தட்டக் கூர்மையாகவும் இலக்கு பயன்படும் அளவுக்கு மங்கலாகவும் தெரியும். இருபார்வைக் கண்ணாடி வேண்டாம், தலையைப் பின்னால் சாய்த்துக் கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழக்கம் வந்து கழுத்தைக் கெடுக்கும். இந்தக் கண்ணாடி, ஃபைபர் சைட்டைவிட அதிகமாக உங்கள் மதிப்பெண்ணை உயர்த்தும் என்பது என் உறுதியான கருத்து. முதல் செலவு அதற்குத்தான்.

ரெட் டாட்டுக்கு எதிராகக் கண் சம்பந்தமான ஒரு நியாயம் உண்டு. சிதறல் பார்வை, அதாவது ஆஸ்டிக்மாட்டிசம், இருப்பவர்களுக்குப் புள்ளி நட்சத்திரமாகவோ கால்புள்ளியாகவோ திராட்சைக் கொத்தாகவோ தெரியும். கோளாறு சைட்டிலா கண்ணிலா என்று அறிய ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே புள்ளியைப் பாருங்கள். உருண்டையாகத் தெரிந்தால் சைட் நன்றாக இருக்கிறது, கண் மருத்துவரிடம் போக வேண்டியது நீங்கள். பிரகாசத்தை இரண்டு படி குறைத்தாலே பலருக்குப் பாதி சரியாகிவிடும். ஃபைபரின் புள்ளி கையெட்டும் தூரத்தில் இருக்கும் உண்மையான பொருள், சுற்றிலும் கறுப்புத் தகடு வேறு இருக்கிறது, அதனால் அங்கே இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

பேட்டரி பயத்தை இப்போது முடித்துவிடலாம். இன்றைய கைத்துப்பாக்கி ரெட் டாட்களில் பெரும்பாலும் சிஆர்2032 அல்லது சிஆர்1632 என்ற 3 வோல்ட் காசு செல். நடுத்தரப் பிரகாசத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும். எய்ம்பாயிண்ட் ஆக்ரோ பி-2 வுக்கு உற்பத்தியாளர் சொல்வது 50,000 மணி நேரம், ஐந்து ஆண்டுக்கு மேல். ஆண்டுக்கு ஒருமுறை ஒரே தேதியில் மாற்றினால் விஷயம் முடிந்தது. நிஜமாக நடப்பவை வேறு: பின்னுதைப்பில் செல் துள்ளி ஒளி விட்டுவிட்டு எரிவது, அடித்தட்டுத் திருகு தளர்வது, எல்இடி மூடப்படாத வகை ரெட் டாட்டில் அதன்மீது ஒரு சொட்டு நீரோ பஞ்சோ விழுந்து புள்ளி மறைவது, குளிரிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்ததும் கண்ணாடியில் பனி படர்வது. குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய காசு செல்கள் வருகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே மின்தொடர்பைக் கெடுக்கிறது. புதுச் செல் போட்டும் ஒளி வராவிட்டால் சைட்டைக் குறை சொல்லும் முன் பூச்சில்லாத செல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பேட்டரி இல்லாத சைட் என்று கடைக்காரர்கள் சொல்வதில் மூன்று வேறு சாதனங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, இதுவரை பேசிய ஃபைபர் முன் சைட். டாசன் பிரிசிஷன், ஹைவிஸ், டிரூக்ளோ போன்றவர்கள் செய்வது. இரண்டாவது, மெப்ரோலைட்டின் எஃப்டி புல்ஸ்ஐ போன்றவை. பின் சைட்டைச் செருகியிருக்கும் டவ்டெயில் என்ற குறுக்குப் பள்ளத்திலேயே உட்காரும், முன் சைட் தேவையில்லை. ஃபைபரும் டிரிட்டியமும் (இருளிலும் ஒளிதரும் கதிரியக்க வாயு அடைத்த குமிழ்) சேர்ந்து ஒளியூட்ட, ஒரு வட்டமும் புள்ளியும் தெரியும். கண் சரியான கோட்டில் இருந்தால்தான் புள்ளி வட்டத்தின் நடுவில் நிற்கும். ஸ்லைடை வெட்ட வேண்டாம், உயரமும் குறைவு. ஆனால் பார்வைத் துளை சிறியது, இரண்டு கண்ணும் திறந்து வேகமாகச் சுட நல்ல பழக்கம் வேண்டும். மூன்றாவது, உண்மையான ரிஃப்ளெக்ஸ் சைட்டே, அதாவது ரெட் டாட் போலக் கண்ணாடியில் புள்ளி காட்டுவதே, பேட்டரி இல்லாமல் வருவது. ட்ரிஜிகானின் ஆர்எம்ஆரில் இரட்டை ஒளியூட்டல் கொண்ட மாதிரி இருக்கிறது: பகலில் ஃபைபர், இருளில் டிரிட்டியம். ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்கு மெப்ரோலைட் எம்21 இதே வழி.

நீங்கள் தேடுவது இந்த மூன்றாவதுதான் என்று தோன்றும். ஒற்றைக் குவியம் இருக்கிறது, பேட்டரி இல்லை. ஆனால் இதன் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பிரகாசம் உங்கள் கையில் இல்லை. நீங்கள் நிழலில் நின்று வெயிலில் இருக்கும் இலக்கைப் பார்த்தால், நிழலின் வெளிச்சத்தில் எரியும் புள்ளி வெயிலின் முன்னால் வெளிறிக் காணாமல் போகும். துப்பாக்கியில் டார்ச் மாட்டி இருட்டில் வெள்ளைச் சுவரில் அடித்தாலும் இதே கதி: ஒளியெல்லாம் முன்னால் போகிறது, இழைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, டிரிட்டியத்தின் மெல்லிய ஒளி சுவரின் வெண்மையில் மூழ்கிவிடுகிறது. அதே சூழலில் சாதாரணத் திறந்த சைட் ஒளிராவிட்டாலும் வெளிச்சமான இலக்கின்மீது கறுப்பு நிழலுருவாக அழகாகத் தெரியும். தகடும் பள்ளமும் எப்போதும் அங்கே இருக்கின்றன. இதனால்தான், பேட்டரி இல்லாமல் ஒன்று வேண்டும் என்றால் ரிஃப்ளெக்ஸைவிட முன் சைட் ஃபைபரையே நான் பரிந்துரைப்பேன்.

டிரிட்டியம் பற்றி ஒரு வார்த்தை. அரை ஆயுள் 12.3 ஆண்டு, ஆகவே அந்தக் காலத்தில் ஒளி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். வாங்கும்போது உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். அதன் பீட்டா கதிர் கண்ணாடிக் குமிழைத் தாண்டாது. ஆனால் குமிழ் உள்ள சைட்டில் சூட்டுக்கோல் (சால்டரிங் அயர்ன்) வைக்கவோ சுத்தியலால் நேரடியாகத் தட்டவோ கூடாது. பல நாடுகளில் டிரிட்டியம் வாங்கவும் எல்லை தாண்டி எடுத்துப்போகவும் தனி விதிகள் உண்டு.

போட்டி விதியையும் முன்பே பார்த்துவிடுங்கள். ஐபிஎஸ்சி (வேகமும் துல்லியமும் சேர்ந்த செயல்முறைச் சுடுதலின் சர்வதேச அமைப்பு) விதிப்படி மின்சுற்றோ லென்ஸோ இல்லாததுதான் திறந்த சைட், ஃபைபர் இழையை லென்ஸாகக் கொள்வதில்லை. ஆகவே ஃபைபர் முன் சைட்டோடு, திறந்த சைட்டுக்கான புரொடக்‌ஷன் பிரிவில் சுடலாம். பேட்டரி இல்லாவிட்டாலும் லென்ஸ் உள்ள சைட் ஆப்டிக் கணக்கில் போய்விடும். ஐஎஸ்எஸ்எஃப் (ஒலிம்பிக் வகைச் சுடுதலின் சர்வதேசக் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டுமே, அதிலும் ஃபைபரோ ஒளிகூட்டும் நிறப்பரப்போ கூடாது. அந்தத் தடை ஒரு வகையில் சரியானது என்றே தோன்றுகிறது. 25 மீட்டர் துல்லியச் சுடுதலின் பத்தாம் வளையம் 50 மி.மீ. விட்டம். 70 செ.மீ. தொலைவிலிருக்கும் 1 மி.மீ. ஃபைபர் புள்ளி அங்கே 36 மி.மீ. மறைக்கும், 1.5 மி.மீ. என்றால் 54 மி.மீ. பத்தையே முழுங்கிவிடும். ஒப்பிட, 3 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ரெட் டாட் 25 மீட்டரில் மறைப்பது 22 மி.மீ. மட்டும்.

சைட் வாங்கும்போது எஃகு உடம்பாக வாங்குங்கள். பிளாஸ்டிக் உடம்பில் இழை பொதித்த மலிவான சைட், துப்பாக்கி உறையில் ஒருமுறை இடித்தால் போதும், உடைந்துவிடும். தகட்டின் அகலம் 2.5 முதல் 3 மி.மீ., பின் பள்ளம் 3.5 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் இருபுறமும் வெளிச்சக் கீற்று தாராளமாகத் தெரியும். சைட்டின் பக்கங்களில் இழை தெரியும் பெரிய ஜன்னல்கள் (திறப்புகள்) இருந்தால் இழை அதிகம் ஒளிரும், அதே அளவுக்குப் பாதுகாப்பு குறையும்.

பின் சைட்டில் ஃபைபர் வேண்டாம். சமமான மூன்று புள்ளிகள் இருந்தால் கண் முன்னதில் நிற்காமல் மூன்றையும் எண்ணிக்கொண்டிருக்கும். அதோடு வெயில் ஒரு பக்கமிருந்து அடிக்கும்போது பின் புள்ளிகளில் ஒன்று பெரிதாகத் தெரிந்து துப்பாக்கியை அறியாமலே ஒருபுறம் இழுக்கும். பின் சைட் மங்கிய கறுப்பாக, கூச்சம் வராதபடி கோடு கீறியதாக இருக்கட்டும்.

மாட்டியதும் எல்லோரும் சிக்கும் இடம் ஒன்று உண்டு. புள்ளியின் மையம் தகட்டின் மேல் விளிம்பைவிடக் கீழே இருக்கிறது. 1 மி.மீ. இழை, அதற்கு மேலே அரை மி.மீ. உலோகம் என்றால் மையம் சரியாக 1 மி.மீ. கீழே. தகட்டின் விளிம்பைப் பின் சைட்டின் விளிம்போடு சமமாக வைத்து ஜீரோ செய்த, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த, துப்பாக்கியில், அவசரத்தில் கண் புள்ளியைப் பின் விளிம்புக்கு ஏற்றிவிட்டால் குழல்முனை 1 மி.மீ. உயர்ந்துவிடும். 10 மீட்டரில் 6 செ.மீ., 25 மீட்டரில் 15 செ.மீ. மேலே போய் அடிக்கும். வெயிலில் மேலே சுடுகிறது, நிழலில் சரியாகச் சுடுகிறது என்று ஒருவர் குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்: வெயிலில் புள்ளி கண்ணை இழுக்கிறது, நிழலில் விளிம்பு தெரிகிறது. தீர்வு ஒரே ஒன்று. எதை வைத்துக் குறிபார்ப்பீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். துல்லியத்துக்கு விளிம்பு, வேகத்துக்குப் புள்ளி என்று பழகியவர்கள் உண்டு. அவர்களும் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை 10 மீட்டரில் சுட்டுப் பார்த்து மனப்பாடம் செய்திருப்பார்கள்.

புள்ளி பகலில் மிதமிஞ்சி எரிந்து விளிம்பையே தின்றால், இழையை 1.5 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்கு மாற்ற முடிகிற சைட்டில் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு ஜன்னலின் வழியே தெரியும் இழையைக் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். உடனே அடங்கும்.

ஜீரோ செய்யும் கணக்கு எளிது. குண்டு விலகிய தூரத்தை சைட் இடைவெளியால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுங்கள். 25 மீட்டரில் 75 மி.மீ. மேலே அடிக்கிறது என்றால் 75 × 165 ÷ 25,000, அதாவது 0.5 மி.மீ. உயரம் கூடிய முன் சைட் தேவை. கீழே அடித்தால் குட்டையான முன் சைட். பக்கவாட்டுக்குப் பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய திசையிலேயே தள்ளுங்கள்: 50 மி.மீ. இடப்பக்கம் அடித்தால் பின் சைட்டை 0.33 மி.மீ. வலப்பக்கம். தள்ளும் கருவி இருந்தால் நல்லது. இல்லையேல் பித்தளை அல்லது நைலான் பஞ்ச் போதும். தட்டும் முன் சைட்டிலும் ஸ்லைடிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு வரைந்துகொண்டால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் குறைந்தது ஐந்து குண்டு சுட்டு, இலக்கில் விழுந்த துளைக் கூட்டத்தின் மையத்தைப் பாருங்கள். ஒரே குண்டை நம்பி சைட்டைத் தட்டாதீர்கள்.

இழை உடைவதும் கழன்று விழுவதும் ஃபைபர் சைட்டின் நிரந்தரக் குறை. அதை ஏற்றுக்கொண்டு மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும், பத்து நிமிட வேலை. உடையும் முன் அடையாளம் காட்டும். ஜன்னல் வழியே பார்த்தால் இழையின் நடுவில் குறுக்காக ஒரு மின்னும் கோடு தெரியும். அது விரிசல். அங்கே ஒளி கசிவதால்தான் மின்னுகிறது, கசிந்த அளவுக்கு முனை மங்கியிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றே மாற்றிவிடுங்கள்.

மாற்றும் முறை: மேகஸினைக் கழற்றி, குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் இடம் காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு ஸ்லைடைத் தனியே எடுங்கள். பழைய இழையை இடுக்கியால் இழுத்து, துளையைப் பல்குச்சியால் துடையுங்கள். புது இழை துளையில் தடையின்றி நுழைய வேண்டும். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் விட்டம் தவறு, அது சீக்கிரம் வெடிக்கும். நகவெட்டியால் முனையை நேராக வெட்டி, சூட்டுக்கோலின் நுனியை 2, 3 மி.மீ. தள்ளிப் பிடியுங்கள், தொட வேண்டாம். இழுத்து நீட்டிச் செய்த இழை சூடு பட்டதும் நீளத்தில் சுருங்கித் தடிக்கும். ஓரிரு நொடியில் முனை பளபளவென்று உருண்டு ஆணித்தலை போல் விரிவதைப் பார்க்கலாம். லைட்டரும் பயன்படும், ஆனால் மஞ்சள் சுடரின் புகைக்கரி முனையில் படிந்தால் அந்தப் புள்ளி கடைசிவரை அழுக்காகவே தெரியும்.

இந்தத் தலை சுடுபவரைப் பார்க்கும்படி பின்னாலிருந்து இழையை நுழையுங்கள். முன்பக்கம் இழுத்துப் பிடித்து, 1.5 முதல் 2 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டி, அந்த முனையையும் அதேபோல் உருக்குங்கள். பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். நீளம் குறைவாக விட்டால் தலை சிறியதாகி, சில நூறு குண்டில் கழன்றுவிடும். அதிகம் விட்டால் உருண்டை சரிந்து ஒருபக்கம் தொங்கும். இரண்டு தலையும் உலோகத்தை நெரிக்கும் அளவுக்கு இறுக்கமாக அமைந்தாலும் ஆபத்து. துளையின் வாயிலேயே இழை முறியும். விரல்நகத்தால் தள்ளினால் மயிரளவு அசைய வேண்டும். சூப்பர் பசை வேண்டாம், அதன் ஆவி இழைமேல் வெள்ளையாகப் படியும், அடுத்தமுறை கழற்றவும் விடாது.

துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது அசிட்டோன், பிரேக் கிளீனர், பெட்ரோல் எதுவும் இழையைத் தொடக்கூடாது. பாலிஸ்டைரீன் கரையும் அல்லது மெல்ல வெடிக்கும். கொசு விரட்டியில் உள்ள டீட் கூட இதே வேலையைச் செய்யும், பூசிய கையால் இழையைத் தொடாதீர்கள். சோப்பு நீரில் நனைத்த துணியே போதும். குழல்முனையில் துளைகளோ காம்பன்சேட்டரோ (வாயுவை மேலே திருப்பிக் குழல் எழும்புவதைக் குறைக்கும் உறுப்பு) இருந்தால் கரியும் வெப்பமும் நேராக முன் சைட்டில் வந்து அடிக்கும், அங்கே ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் துடைக்க வேண்டும். புற ஊதாக் கதிரால் சாயம் வெளிறும் என்பதால், உபரி இழையை இருட்டான டப்பாவில் வையுங்கள்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஸ்லைடில் வெட்டு இல்லாமல் ரெட் டாட் வேண்டும் என்றால் இரண்டு வழி. பின் சைட்டின் டவ்டெயிலில் மாட்டும் தட்டு ஒன்று: டாட் உயரமாக நிற்கும், பின் சைட்டையும் இழப்பீர்கள். இன்னொன்று ஸ்லைடை மில்லிங் செய்வது: நன்றாக அமையும், திரும்பப் பெற முடியாது. சுடும் கண்ணாடியும், பச்சை நிற 1 மி.மீ. ஃபைபர் முன் சைட்டும், கறுப்புப் பின் சைட்டும் போட்டு ஒரு 500 குண்டு சுடுங்கள். 25 மீட்டரில் கூட்டம் திருப்தியாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கண்ணாடி போட்டும் முன் சைட்டின் விளிம்பு பஞ்சாகவே தெரிந்தால் ஃபைபரால் இனி ஆவது ஒன்றுமில்லை, அப்போது ஸ்லைடை வெட்டி ரெட் டாட்டுக்கே போய்விடுங்கள். திருகுகளை உற்பத்தியாளர் சொல்லும் முறுக்குவிசையில் டார்க் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கி, திருகுத் தலையிலிருந்து உடம்புக்கு ஒரு வண்ணக்கோடு போட்டு வையுங்கள், தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

அப்படிப் போனால் டாட்டின் கண்ணாடி வழியே கீழ்ப்பகுதியில் தெரியும் உயரமான திறந்த சைட்டையும் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முன் சைட்டில் மட்டும் ஃபைபர் போட வேண்டாம். கண்ணாடிக்குள் இரண்டு ஒளிப்புள்ளி இருந்தால் அவசரத்தில் கண் தவறானதைப் பிடித்துவிடும். அங்கே வெறும் கறுப்புத் தகடுதான் சரி.